என் வாசலில் வந்து அழுங்கள்

நாரின்
22 டிசம்பர் 1996

மதிப்பிற்குரிய சம்பந்தி ஒமோர் அவர்களுக்கு,

எசென்குல் ஸலாம் கூறி எழுதுவது. தங்கள் குதிரைகளும் ஆடுகளும் வீட்டு உயிர்களும் குளிரில் வாடாமல் நலமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா? கட்டு எப்போது பிரிப்பார்கள்?

நம் பேரப்பிள்ளைகள் மூவரும் நேற்று மதியம் ஓட்டுநர் கெரிமின் வேனில் பத்திரமாக வந்திறங்கினார்கள். தாங்கள் சொல்லியனுப்பியபடி மருந்தைத் தனியாகவும் பால்மாவைத் தனியாகவும் எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு சுயும்கான் பகலெல்லாம் இங்கேதான் இருக்கிறாள். சின்னவன் பெக்தூரை நான் தூக்கும் விதத்தைப் பார்த்து, "பாடம் பண்ணின செடியப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்களே வாத்தியாரே! உதிர்ந்திர மாட்டான், நல்லா அணைச்சுப் புடிங்க" என்றாள். தொழிற்கல்லூரியில் காலமெல்லாம் தாவரவியல் நடத்திய கை. அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். பெக்தூர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் நடக்கவில்லை.

இங்கே பனி விடாமல் பெய்கிறது. வேலியில் மேல் கம்பி மட்டும்தான் தெரிகிறது. முற்றத்தில் பனியைக் குவித்து, மேலே நீர் ஊற்றி உறையவிட்டுச் சறுக்குமேடு செய்யலாமா என்று நினைக்கிறேன். யாராவது கையை உடைத்துக்கொள்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

இன்னொன்று. வரும் ஜனவரியோடு என் மகள் புருல் இறந்து ஒரு வருடம். பிள்ளைகளிடம் அவள் தலைநகர் மருத்துவமனையில் இருப்பதாகத் தாங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதை நான் கலைக்கப்போவதில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளை விடுமுறைக்கு என்னிடம் அனுப்பியது நான் எதிர்பாராதது. அடுப்பருகே அவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தங்கள் நலம் விழையும்,
எசென்குல்

---

கோச்கோர்
28 டிசம்பர்

சம்பந்திக்கு ஸலாம்.

நல்லாருக்கீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு? பேனா பிடிச்சு அழகா எழுத எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க மாடு கண்ணு எல்லாம் நல்லாருக்கு. எங்க வீட்டம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் தலைநகர்லயே இருக்கட்டும்னுட்டாங்க. அதனாலதான் பிள்ளைங்கள அங்க அனுப்பினேன். நீங்க எதிர்பாக்காததுன்னு எழுதிருக்கீங்க, அதுல என்ன இருக்கு?

சறுக்குமேட்டுக்கெல்லாமா என் கருத்துக் கேப்பீங்க? புல்லுக்கு லத்தீன்ல பேர் சொல்றவர் நீங்க, தண்ணி ஊத்த ஒரு கமிட்டி கூட்டணுமா? ஊத்துங்கய்யா! பையன் விழட்டும், எந்திரிக்கட்டும். உங்க வீட்ல புத்தகத்தத் தவிர எரிக்க எதுவும் இருக்காதுன்னு கெரிம்கிட்ட ரெண்டு மூட்டை நிலக்கரி குடுத்து விட்டிருக்கேன்.

ஜனவரி எட்டாம் தேதி கெரிம் வருவான், பிள்ளைங்கள ஏத்தி விட்டுருங்க. ரோட்டப் பத்திக் கவலைப்படாதீங்க. நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற டோலோன் கணவாய் ரோட்டுக்கு முப்பது வருஷம் நான்தான் தலைவரு. ஓய்வு வாங்கினாலும் அந்த ரோடு நான் சொன்னாத்தான் திறக்கும், நான் சொன்னாத்தான் மூடும்.

மருமகளோட வருஷ நினைவு விருந்து இருபத்தாறாம் தேதி. குதிரை கொழுத்து நிக்குது. மாவட்டமே வருது. பிறந்த வீட்டு ஆளு நீங்க. பந்தியில முதல் இடத்துல உக்காந்து நீங்க துவா குடுத்தாத்தான் விருந்து நிறைவாகும். அன்னைக்குப் பிள்ளைங்கள போன வருஷம் மாதிரியே என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிருவேன். அதுங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். எம் பையன் நுர்தீன் சைபீரியாலேர்ந்து வசந்தத்துக்கு வந்ததும் அவனே பக்குவமாச் சொல்லிக்குவான்.

புது வருஷம் நல்லதா வரட்டும்.

ஒமோர்

---

நாரின்
8 ஜனவரி 1997

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

புத்தாண்டு தங்கள் வீட்டில் குறைவின்றி நுழைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிலக்கரிக்கு நன்றி. சம்பந்தியம்மாவின் கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறோம்.

சறுக்குமேட்டைச் செய்துவிட்டேன். முதலில் சரிவு சரியாக வரவில்லை. இடித்துவிட்டு மறுபடி கட்டி, ஒவ்வொரு மாலையும் ஒரு வாளி நீர் என்று ஊற்றி உறையவிட்டேன். இப்போது தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கேதான். மூன்று வயது தாலாய் பலகையில் உட்கார்ந்து சறுக்குவதில்லை, வயிற்றால்தான் வருகிறான். கம்பளிப் பூட்ஸை அடுப்பருகே காயவைப்பதற்குள் மறுபடி கேட்கிறான்.

புத்தாண்டு இரவுக்கு பூர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்தோம். மின்சாரம் போய்விட்டது, மெழுகுவர்த்தி ஏற்றினோம். சுயும்கான் பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு, பரிசு கொண்டுவரும் பனித்தாத்தாவாக வந்தாள். தாலாய் கீழே குனிந்து பார்த்தான்.

"பனித்தாத்தா ஏன் சுயும்கான் அத்தை பூட்ஸப் போட்டிருக்காரு?"

"வர்ற வழியில என்னோடது பனியில புதைஞ்சு போச்சுடா. உங்க அத்தைகிட்ட இரவல் வாங்கினேன். மகா கஞ்சம் அவ, குடுக்கவே மாட்டேன்னா!"

நான் அவ்வளவு சிரித்து வெகுநாளாயிற்று. மீரிமுக்கு ஆறு வயதுதான், ஆனால் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொள்கிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு, "தம்பிக்கே ரெண்டாக் குடுத்துருங்க" என்றாள். புருலும் அந்த வயதில் அப்படித்தான் பேசுவாள்.

பிள்ளைகளை அழைத்துப்போக கெரிம் வந்திருக்கிறான். இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கணவாய் மூடியிருக்கிறது. பிள்ளைகள் கிளம்பவில்லை.

தங்கள் நலம் விழையும்,
எசென்குல்

---

கோச்கோர்
9 ஜனவரி

சம்பந்தி, ஸலாம். உடம்பு நல்லாத்தான இருக்கு உங்களுக்கு?

கெரிம் வெறும் வண்டியோட வந்து நிக்கிறான். "எங்கடா பிள்ளைங்க?"ன்னா, "வாத்தியாரு கேட்டத் திறக்கல. பலகைச் சந்து வழியா லெட்டரக் குடுத்தாரு"ங்கிறான். பிரிச்சா, கணவாய் மூடியிருக்காம்! அவன் பூட்ஸ்ல ஈரங்கூட இல்ல. மூடின கணவாய் வழியா உங்க லெட்டர் எப்படி வந்துச்சு? றெக்கை முளைச்சுப் பறந்து வந்துச்சா? எங்கிட்டயே ரோட்டப் பத்திக் கதை விடுறீங்களே, நியாயமா?

பிள்ளைங்க மேல ஆசைன்னா நேராக் கேளுங்க. இன்னும் நாலு நாள் வச்சுக்கங்க. பதிமூணாம் தேதி கெரிம் வருவான். இந்தத் தடவை கேட்டத் திறங்க.

ஒமோர்

---

நாரின்
13 ஜனவரி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் உடல்நலத்துக்கும் மந்தையின் நலத்துக்கும் என் வேண்டுதல்கள். என் உடம்பு நன்றாகவே இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

முதலில் நல்ல செய்தி. பெக்தூர் நடந்துவிட்டான். அடுப்பிலிருந்து என் முழங்கால்வரை பிடிமானம் இல்லாமல் வந்தான். முதலடி வைத்த பிள்ளைக்குச் செய்யும் வழக்கப்படி அவன் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, பனியைப் பெருக்கிய முற்றத்தின் நடுவில் நிறுத்தினோம். தெருப்பிள்ளைகளை ஓடவிட்டோம். எல்லோரையும் முந்தி வந்து கத்தியை வாங்கிக் கட்டை அறுத்தவள் மீரிம். இது தகப்பன் வழி வீட்டார் கூடி நடத்த வேண்டிய சடங்கு என்பது எனக்குத் தெரியும். தாங்கள் இல்லாமல் நடத்தினேன். தங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

கடிதம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியைத்தான் ஒரு வருடமாக நான் வைத்திருக்கிறேன்.

போன ஜனவரியில் கெரிம் இதே வாசலில் நின்றான். தோளில் பனி இருந்தது. தங்கள் கையெழுத்தில் ஒரு தாள் கொடுத்தான். "மருமகளுக்கு உடம்பு மோசம். கணவாய் மூடியிருக்கிறது. கிளம்ப வேண்டாம்." பிரசவக் காய்ச்சல் என்று முன்பே கேள்விப்பட்டு நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். தாளைப் படித்துவிட்டுப் பையை அவிழ்த்தேன். அந்த ரோட்டைத் திறக்கவும் மூடவும் உரிமை உள்ளவர் எழுதியிருக்கிறாரே! கெரிமுக்குத் தேநீர்கூடக் கொடுத்தேன். தாளைக் கொண்டுவந்தவன் அந்தக் கணவாயைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும் என்பது படித்தவனாகிய எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவனே இரண்டாவது தாளைக் கொண்டுவந்தான். அடக்கம் முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது. அப்போதுதான் தோன்றியது.

பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்து, சரி என்று சொல்லாமல் நம்மில் எந்தப் பெண்ணையும் மண்ணில் வைப்பதில்லை. அநாதைகளைத்தான் அப்படி வைப்பார்கள். என் மகள் அநாதை இல்லை.

கணவாய் மூடியிருக்கிறது. கிளம்ப வேண்டாம்.

எசென்குல்

---

கோச்கோர்
16 ஜனவரி

சம்பந்தி,

நலம் விசாரிக்கிற மனநிலைல நான் இல்ல. ஆனாலும் ஸலாம்.

என் பேரன் கால்கட்ட நான் இல்லாம அறுத்தீங்களா? ஊர்ல எவனாவது கேட்டா மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? பிள்ளைங்க எங்க எலும்பு, எங்க ரத்தம். நாலு பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வந்தா அரை மணி நேரத்துல தூக்கிட்டு வந்துருவேன். போலீஸுக்கும் வழி தெரியும். வாத்தியாருன்னு மரியாதைக்குப் பொறுத்துக்கிட்டிருக்கேன்.

இத ரெண்டு நாளைக்கு முன்னாடி எழுதினேன். அனுப்பல. இப்ப மிச்சத்த எழுதுறேன்.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்குறீங்க. நீங்க வந்திருந்தா துணிய விலக்கி முகத்தப் பாத்திருப்பீங்க. பாத்திருந்தா, ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னு கேட்டிருப்பீங்க. ஒரு வாரமாக் காய்ச்சல்ல கிடந்தா. அடுப்புப் பக்கம் கம்பளியப் போத்திப் படுத்தா வேர்த்து இறங்கிரும்னு நான்தான் சொன்னேன். எங்கம்மாவுக்கெல்லாம் அப்படித்தான் இறங்குச்சு. நீங்க பாக்காம இருக்கட்டும்னுதான் மறுநாளே முடிச்சேன். வண்டி வாசல்லதான் நின்னுச்சு, சம்பந்தி.

போதுமா? பிள்ளைங்கள அனுப்புங்க. விருந்துக்கு வாங்க. நீங்க இல்லாம அந்த இடம் காலியாக் கிடந்தா மாவட்டமே கேக்கும்.

ஒமோர்

---

சுர்குத்
சைபீரியா
12 ஜனவரி

அன்புள்ள மாமா,

நுர்தீன் எழுதுகிறேன். ஊருக்கு விமானம் ஏறும் நண்பனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே குளிர் மைனஸ் நாற்பதுக்கும் கீழே. சிமென்ட் இறுகாததால் வேலை பாதி நாள்தான். நீங்கள் நலமா?

அப்பா தொலைபேசியில் கத்தினார். பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்கிறீர்களாம். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் வந்து சேர்ந்தபோது எனக்கும் மண்மேடுதான் மிஞ்சியது. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவர் குணம் உங்களுக்குத் தெரியும். விட்டுக்கொடுத்துவிடுங்கள் மாமா, நீங்கள் எப்போதும் விட்டுக்கொடுப்பவர்தானே.

கீழே உள்ளதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்:

"மீரிம் கண்ணு, தாலாய் குட்டி, பெக்தூர் பயலே! அப்பா இங்க பெரிய பெரிய வீடு கட்டுறேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரில குணமாகிக்கிட்டே வருதாம். வசந்தத்துல அப்பா வந்து எல்லாரும் சேந்து அம்மாவப் பாக்கப் போவோம். சமத்தா இருங்க."

உங்கள் மருமகன்,
நுர்தீன்

---

நாரின்
19 ஜனவரி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. நேற்று நுர்தீனின் கடிதமும் வந்தது. இரண்டையும் பலமுறை படித்தேன். சம்பந்தியம்மாவுக்கு இந்நேரம் கட்டுப் பிரித்திருப்பார்கள். பார்வை தெளிவாக இருக்கட்டும்.

தாங்கள் உண்மையை எழுதியதை மதிக்கிறேன். அது போதுமா என்று கேட்டீர்கள். போதாது.

முதுகில் தட்டிப் பேசுகிறவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னவன் இல்லை நான். கல்லூரியில் என் அறையை வேறொருவருக்குக் கொடுத்தபோது நானே என் மேசையின் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தவன். ஆகவே என் நிபந்தனையை ஒருமுறைதான் எழுத முடியும்.

என் மகள் இறந்தாள் என்று இன்றுவரை எவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. கெரிம் தாளை நீட்டினான், அவ்வளவுதான். இறப்பைப் பெற்றவர் வீட்டுக்குக் கொண்டுவரும் முறை ஒன்று நமக்கு உண்டு. தாங்கள் வாருங்கள். தெருமுனையில் வண்டியை விட்டு இறங்குங்கள். அங்கிருந்தே கோலூன்றி, குரலெடுத்து, என் மகளின் பேரைச் சொல்லி அழுதுகொண்டு என் வாசல்வரை நடந்து வாருங்கள். என் காதோடு சொல்லிவிட்டுப் போகக் கூடாது. தெரு முழுக்கக் கேட்க வேண்டும். ஒரு வருடம் தாமதம் என்பதால் முறையைச் சுருக்கவும் கூடாது.

அதைச் செய்தால் பிள்ளைகளை அன்றே தங்கள் வண்டியில் ஏற்றிவிடுவேன். விருந்துக்கு வந்து பந்தியின் முதல் இடத்தில் உட்கார்ந்து துவா கொடுப்பேன். செய்யாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் காரணத்தை நானே எழுதுவேன். எழுத எனக்கு நன்றாக வரும்.

எசென்குல்

---

கோச்கோர்
21 ஜனவரி

சம்பந்தி,

வீட்டம்மா வந்துட்டா, கண்ணு தெரியுது. நீங்க கேட்டதுக்காகச் சொல்றேன்.

நான் உங்க தெருவுல அழணுமா? மந்திரிங்க வந்தாக்கூட நான் உக்காந்துக்கிட்டுதான் கை குடுப்பேன். அந்தத் தெருவுல பாதிப்பேரு எங்கிட்ட வேலை பாத்தவன். ஒரு வருஷம் கழிச்சு கிழவன் ஊளையிட்டுக்கிட்டு வர்றான்னு கைகொட்டிச் சிரிப்பானுங்க.

அத விடுங்க. சிரிச்சா சிரிக்கட்டும். பிள்ளைங்கள நெனச்சீங்களா? நான் தெருவுல நின்னு புருல் போயிட்டாளேன்னு கத்தினா அதுங்க காதுல விழாதா? அம்மா ஆஸ்பத்திரில இருக்கான்னு நம்பிக்கிட்டு உங்க சறுக்குமேட்டுல விளையாடுதுங்க. அந்தச் சிரிப்ப நிறுத்தித்தான் உங்களுக்கு என்னப் பழிவாங்கணுமா? நீங்க நல்ல மனுசன்னு நெனச்சேன்.

ஒமோர்

---

நாரின்
22 ஜனவரி

சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தியம்மாவின் பார்வை திரும்பியதில் மகிழ்ச்சி.

தாங்கள் சொன்னது சரி. அதை நான் யோசித்திருக்க வேண்டும். சனிக்கிழமை நண்பகலில் வாருங்கள். அந்த நேரத்தில் சுயும்கான் பிள்ளைகளைச் சறுக்குவண்டியோடு ஆற்றங்கரைக் குன்றுக்கு அழைத்துப் போயிருப்பாள். அங்கே எதுவும் கேட்காது.

நானும் என்னை நல்ல மனிதன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எசென்குல்

---

நாரின்
3 பிப்ரவரி

மாப்பிள்ளை நுர்தீன் அவர்களுக்கு,

ஸலாம். சுர்குத்தில் குளிர் சற்றாவது குறைந்ததா? கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதீர்கள். பிள்ளைகள் மூவரும் நலம். பெக்தூர் இப்போது ஓடுகிறான். மூவரும் என்னிடம்தான் இருக்கிறார்கள். அது எப்படி என்று சொல்லவே இந்தக் கடிதம்.

உங்கள் தந்தை நான் சொன்ன நாளில் வந்தார். தெருமுனையில் வண்டி நின்ற ஓசை கேட்டு நான் வெளிக் கதவின் பின்னால் போய் நின்றேன். பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். அவர் இறங்கினார். பிறகு கோலை ஊன்றித் தொடங்கினார். முதலில் குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அதன்பின் வந்தது.

"ஐயோ புருல், என் கண்ணே! உன்னப் பெத்தவரு வாசலுக்கு உன் சேதியக் கொண்டு வந்தேனே! முகத்தக் காட்டாம மூடிட்டேனே!"

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் என் வாசலை அடைந்து, கதவில் நெற்றியை வைத்து அழுதார். தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. முறைப்படி நான் உடனே திறந்து, அவர் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழ வேண்டும். திறக்கவில்லை. இன்னும் அழட்டும் என்று நின்றேன். எவரையும் வாசலில் காக்கவைத்ததில்லை நான். அதில் இவ்வளவு இன்பம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சூடான பால் குடித்ததுபோல் நெஞ்சுக்குள் இறங்கியது.

அவர் குரல் உடைந்து ஓய்ந்த பிறகு திறந்தேன். கையை நீட்டினார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் மீரிம் நிற்பதைப் பார்த்தேன். தாலாயின் கையுறை நனைந்துவிட்டதாம். வேறு எடுத்துவர முன்னால் ஓடி வந்திருக்கிறாள். சறுக்குவண்டியின் கயிறு கையில் இருந்தது.

"பெரிய தாத்தா, இனிமே சொல்லலாமா?" என்று உங்கள் தந்தையிடம் கேட்டாள்.

"என்னதும்மா?"

"அம்மா செத்துப்போனத. இப்ப நீங்களே சத்தமாச் சொன்னீங்கல்ல."

அவர் அவள் பக்கம் குனிந்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க தங்கச்சி வீட்ல அன்னைக்கு எல்லாரும் அடுப்படில அழுதாங்க. என்னப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு நீங்க அதட்டுனீங்க. அதான் நானும் சொல்லல. தாலாய்கிட்டகூடச் சொல்லல. நல்லா மறைச்சேன்ல?"

உங்கள் தந்தை பனியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய உடம்பு, மூட்டையை இறக்கி வைத்ததுபோல். சற்றுப் பின்னால் தம்பிகளோடு வந்த சுயும்கான் என்னைப் பார்த்துக் கத்தினாள். "என்ன வாத்தியாரே, நீங்க மனுசனா மரக்கட்டையா? கையக் குடுத்துத் தூக்குங்க!" நான் கொடுக்கவில்லை. அவரே கோலைப் பிடித்து எழுந்தார். பிள்ளைகளின் மூட்டைகளை நான் முன்பே கட்டி வாசலருகே வைத்திருந்தேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இங்கயே இருக்கட்டும் சம்பந்தி. அவ 'நல்லா மறைச்சேன்ல'ன்னு கேட்ட பிறகு எப்படி என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

மறுநாள் விருந்துக்குப் போனேன். வாக்கு வாக்குதான். முதல் இடத்தில் உட்கார்ந்தேன், துவா கொடுத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் விருந்து முடியும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைக்கறி நன்றாக வெந்திருந்தது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டச் சொன்ன பகுதியை இத்தனை நாள் எடுத்து வைத்திருந்தேன். அதைப் படிக்க வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். பிறகு, நீங்கள் கேட்டுக்கொண்டதை மறுக்க நான் யார் என்று தோன்றியது. நேற்று காலை படித்தேன், ஒரு சொல்லும் விடாமல்.

தாலாய் கைதட்டினான். மீரிம் அவன் வெளியே ஓடும்வரை காத்திருந்தாள். பிறகு என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவுக்கு இன்னும் யாரும் சொல்லலையா தாத்தா? அம்மாவுக்குக் குணமாகுதுன்னு எழுதிருக்காரே. பாவம்! நாம சொல்ல வேண்டாம். அங்க அவரு தனியா இருக்காரு, அழுவாரு."

நான் எப்போதும் விட்டுக்கொடுப்பவன் என்று எழுதியிருந்தீர்கள். நேற்றும் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆமாம் கண்ணு, சொல்ல வேண்டாம் என்று சொன்னால் முடிந்திருக்கும். அந்தச் சொல் என் வாயில் தயாராக இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றேன். "போன வருஷமே தெரியும்."

அவள் பூட்ஸை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு சறுக்குமேட்டுக்குப் போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. நன்றாகச் சாப்பிடுங்கள். வசந்தத்தில் உங்களை எதிர்பார்க்கிறோம்.

எசென்குல்